பதினோரு வீட்டுச் சாவிக்கொத்து

குன்றக்குடி மலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில்தான் என் வலது கை இடுப்பைத் தடவிப் பார்த்துப் பதறியது. சாவிக்கொத்து இல்லை.

அதை மத்தியானமே, என்னிடம் வேலை பார்த்த பாண்டியக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் காரைக்குடியிலிருந்து நடக்க ஆரம்பித்திருந்தேன். எனக்கு அது தெரியும். கைக்குத் தெரியவில்லை. பத்தடிக்கு ஒரு தரம் போய்த் தடவிவிட்டு, வெறுமையாகத் திரும்பி வந்தது. இரும்பு உரசி உரசி இடுப்பில் கறுத்துப்போன ஒரு தழும்பு மட்டும் வேர்வையில் எரிந்துகொண்டிருந்தது.

கையில் பை இல்லை. செல்போன் இல்லை. அதையும் அக்காவே வாங்கி வைத்துக்கொண்டார். சட்டைப் பையில் இருந்தது கொஞ்சம் சில்லறையும் என் விசிட்டிங் கார்டு ஒன்றும். ‘நிர்வாக இயக்குநர்’ என்று தங்க எழுத்தில் போட்டிருக்கும். நிர்வாக இயக்குநர் ரப்பர் செருப்போடு திருப்பத்தூர் ரோட்டில் புளியமர நிழல் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலை ஒரு பெரிய வீட்டுக்குள் உயிருள்ள ஒரு மனுஷியை வைத்துப் பூட்டிவிட்டு, எந்த வீடு என்று மறந்துபோனேன். அந்த மனுஷி பாண்டியக்காதான். பிழைத்துக்கொண்டார். அந்தத் தைரியத்தில்தான் இதை இவ்வளவு நக்கலாக எழுதுகிறேன்.

முதலாளி ஆன கதை

போன வாரம் லாரி ஷெட்டில் டயர் கழற்றிய கதையைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். ‘ஊர் ஊராகப் போய் அடுத்தவரிடமே கைகட்டி நின்றிருக்கிறீர்களே, சொந்தமாக ஒரு தொழில் செய்து முன்னேற வேண்டும் என்று தோன்றவே இல்லையா?’ என்று கேட்கிறார். தோன்றியது ஐயா. செய்தேன். முன்னேறினேன். அந்த முன்னேற்றத்தில் விழுந்து எழுந்ததைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

கொரோனா ஓய்ந்து, தள்ளிப்போட்ட கல்யாணங்கள் எல்லாம் ஒன்றாக வந்து மோதிய காலம். காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டுக்குப் பெயின்ட் டப்பா தூக்க வந்தவன் அங்கேயே தங்கிவிட்டேன். இங்குள்ள பெரிய வீடுகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் முற்றமும் அறைகளுமாக மூன்று கட்டு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும். சொந்தக்காரர்கள் சென்னை, பெங்களூரு, கோலாலம்பூர், அமெரிக்கா என்று இருப்பார்கள். கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி, சாமி கும்பிடு என்றால் எல்லாரும் பறந்து வருவார்கள். வருவதற்கு முன்னால் யாராவது வீட்டைத் திறந்து, புறாவை விரட்டி, வௌவால் எச்சம் கழுவி, மோட்டார் ஓடுகிறதா, பல்பு எரிகிறதா என்று பார்த்து வைக்க வேண்டும்.

அந்த யாராவது நானாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். எட்டாவது வரை படித்தவனுக்கு இதைவிடப் பெரிய யோசனை வராது.

ஒரு பழைய லோடு ஆட்டோ. எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள். நான்கு பெண்கள். அந்த நால்வரில் தலைவி பாண்டியக்கா. ஐம்பது வயது, பக்கத்துக் கிராமத்துக்காரர், விளைச்சல் பொய்த்த பிறகு விளக்குமாறு எடுத்தவர். சர்க்கரை வியாதி உண்டு. காலையில் மாத்திரை போட்டால் மத்தியானம் ஒரு மணிக்குள் சாப்பிட வேண்டும். தவறினால் கை உதறும், கண் இருட்டும். இதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார். நானும் பெரிய முதலாளியாக, “அதெல்லாம் நான் பாத்துக்குறேன்க்கா” என்று சொன்னேன்.

ஒரு வீடு மூன்றாகி, ஏழாகி, பதினொன்று ஆனது. சாவிக்கொத்து கனத்தது. ஊரில் என்னை ‘வாங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த ‘வாங்க’வுக்காக ஒரு மனிதன் எவ்வளவு முட்டாள்தனம் செய்வான் என்பதற்கு நானே சாட்சி.

ஜன்னல் திறந்த வீடு, ஜன்னல் மூடிய வீடு

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று இப்போது நன்றாகவே தெரிகிறது. அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் கிடையாது. பாட்டன் கட்டிய வீடு பிள்ளைகளுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு என்று பிரிந்துகொண்டே வரும். கல்யாணமாகித் தனிக்குடும்பமான ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. நான் பார்த்த வீடுகளிலேயே பெரியதில் இருபத்துமூன்று புள்ளி. இருபத்துமூன்று பேருக்கும் வீட்டில் சம உரிமை. அதனால் இருபத்துமூன்று பேருக்கும் என்மேலும் சம உரிமை என்று நானாக முடிவு செய்து, எல்லாருக்கும் என் நம்பரைக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. நானே கொடுத்தேன். வாட்ஸ்அப் குரூப்பும் நானே ஆரம்பித்தேன். மரியாதை என்று நினைத்தேன்.

சென்னையிலிருந்து ஒரு அண்ணன் கூப்பிடுவார். “தம்பி, சன்னலையெல்லாம் தொறந்து வைங்க. மரமெல்லாம் இத்துப் போகுது.” திறந்து வைப்பேன். கோலாலம்பூரிலிருந்து அதே வீட்டு ஆச்சி கூப்பிடுவார். “ஏந்தம்பி, சன்னலத் தொறந்து போட்டிருக்கீகளாமே? புறா வந்து குடியேறவா? மூடுங்க.” மூடுவேன். பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளை குரூப்பில் எழுதும்: பாதி திறந்து வைக்கலாமே.

வேறொருவனாக இருந்தால், ‘நீங்க முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணுங்க’ என்றிருப்பான். நான் நிர்வாக இயக்குநர் ஆயிற்றே. எட்டு மணிக்கு ஜன்னலைத் திறந்து ஒரு போட்டோ, பத்து மணிக்கு மூடி ஒரு போட்டோ, பன்னிரண்டு மணிக்குப் பாதி திறந்து ஒரு போட்டோ எடுத்து, அவரவருக்கு வேண்டியதை அவரவருக்குத் தனித்தனியாக அனுப்பினேன். மூன்று பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்படிப் பதினோரு வீடு. எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட முதலாளிகள். லாரி ஷெட்டில் எனக்கு ஒரே ஒரு முதலாளி. அவர் திட்டிவிட்டு ராத்திரி தூங்கப் போய்விடுவார். இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்குவதில்லை. மலேசியா படுக்கப் போகும்போது அமெரிக்கா பல் விளக்கும்.

பாண்டியக்காதான் ஒரு நாள் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“தம்பி, செக்குமாட்டக்கூடப் பொழுது சாஞ்சா அவுத்து விடுவாக. உங்கள யாரு அவுத்து விடுவா?”

“தொழில்னா அப்படித்தான்க்கா.”

“வீட்டுக்கு ஒரு ஆளு மட்டும் பேசச் சொல்லுங்க. மத்தவுக அவுககிட்டச் சொல்லட்டும். இதுக்கு என்ன பெரிய படிப்பா வேணும்?”

“உங்களுக்கு பிசினஸ் தெரியாதுக்கா.”

“ஆமா, தெரியாது. தெரிஞ்சவுக மொகத்தத்தான் தெனமும் பாக்குறனே.”

மற்ற மூன்று பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். தாடை ஒத்துழைக்கவில்லை.

அறிகுறிகள், அதாவது நான் கண்டுகொள்ளாதவை

உடம்பு ஒரேயடியாகப் படுத்துவிடுவதில்லை. முதலில் கடிதம் போடும், பிறகு தந்தி அடிக்கும். நான் இரண்டையும் பிரிக்கவே இல்லை.

வாடகை அறைக் கதவை ஒரு சாயங்காலம் திறக்க முடியவில்லை. ஒரு சாவியைப் போட்டேன், இன்னொன்றைப் போட்டேன், முப்பத்துச் சொச்சம் சாவியையும் போட்டுப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் வெகுநேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, “கதவு தொறந்துதான கெடக்கு?” என்றார். தள்ளினேன். திறந்துகொண்டது. உள்ளே போய் உட்கார்ந்து, பூட்டியது யார் என்று அரைமணி நேரம் யோசித்தேன்.

பசி தெரியாமல் போனது. இட்லியை நின்றபடி விழுங்குவேன். சட்னி ஊற்றியிருந்தார்களா என்று கேட்டால் தெரியாது. கோயில் மணி அடித்தால் பையில் போனைத் தேடுவேன். யார் நல்ல செய்தி சொன்னாலும் சரி, கெட்ட செய்தி சொன்னாலும் சரி, ‘சரி சரி, போட்டோ அனுப்புறேன்’ என்று வாயில் வரும். பாண்டியக்கா மகளுக்குக் குழந்தை பிறந்த சேதிக்கும் அதையே சொன்னேன்.

நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு டாக்டரிடம் போனேன். நாடியைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு நாள் போனை அணைச்சுட்டுப் படுங்க” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. எடுத்தேன். குடிநீர்த் தொட்டி மூடியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். டாக்டர் என் கையை விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தொழில்முனைவோர் முகாம் ஒன்றுக்கும் போனேன். கல்யாண மண்டபத்தில் ஏ.சி. போட்டு நடத்தினார்கள். கோட்டு போட்ட ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, வெற்றி பெற்றவன் தூங்குவதில்லை என்று கத்தினார். அவர் கத்தியதில் அந்த ஒரு வரிதான் காதில் விழுந்தது. மீதி நேரம் தூங்கிவிட்டேன். அந்த வருஷத்திலேயே நான் தூங்கிய நல்ல தூக்கம் அதுதான். சான்றிதழ் கொடுக்கும்போதுதான் எழுப்பினார்கள்.

ஆள் இருக்கா?

இவ்வளவு பெரிய வீடுகளைப் பூட்டுவதற்கு ஒரு முறை உண்டு. எனக்கு அதை ஒரு காவல்காரர் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு கட்டிலும் நின்று, “ஆள் இருக்கா?” என்று குரல் கொடுக்க வேண்டும். நம் குரல் மட்டும் திரும்பி வந்தால் அடுத்த கட்டு. மூன்று கட்டும் முடிந்த பிறகுதான் பூட்டுப் போட வேண்டும். பின்கட்டில் ஒருவர் கத்தினால் முன்வாசலில் கேட்காது. பின்வாசலை முன்பெல்லாம் உள்ளிருந்து தாழ்ப்பாள் மட்டும்தான் போடுவார்கள். திருட்டுப் பயம் என்று ஒரு புள்ளி சொன்னதால், நானே வெளிப்பக்கம் ஒரு பூட்டு மாட்டியிருந்தேன். மாட்டிய பூட்டுக்கும் போட்டோ அனுப்பியிருந்தேன்.

அன்று நான்கு வீடு திறக்க வேண்டியிருந்தது. அதில் ஒன்று இருபத்துமூன்று புள்ளி வீடு. நான்கு நாளில் அங்கே கல்யாணம். பந்தல்காரர், சமையல்காரர், புள்ளிகள் என்று போன் காதைவிட்டு இறங்கவே இல்லை. அந்த வீட்டைப் பூட்டும்போது முதல் கட்டில் நின்று “ஆள் இருக்கா?” என்றேன். போனில் இருந்தவர், “இருக்கேன், சொல்லுங்க” என்றார். சொன்னேன். பெண்கள் ஆட்டோவில் அடுத்த வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள்; பேசிக்கொண்டே வெளியே வந்து பூட்டினேன்.

கடைசி வீட்டில் வேலை முடிந்து பெண்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மணி இரண்டரை. ஆட்டோவில் ஒரு தூக்குவாளி மட்டும் மிச்சம் இருந்தது. மூடியில் சிவப்புப் பெயின்டில் ‘பா’ என்று எழுதியிருக்கும்.

“அக்கா எங்க?”

மூன்று பேரில் செல்வி என்பவள், “நீங்க வண்டியில கூட்டியாறீகன்னுல்ல நெனச்சோம்?” என்றாள்.

அக்காவின் நம்பருக்கு அடித்தேன். ஆட்டோவிலேயே, அவருடைய கூடைக்குள் மணி அடித்தது.

இருந்தது நான்கே வீடு. அவரைக் கடைசியாக எந்த வீட்டில் பார்த்தேன்? யோசித்துப் பார்த்தேன். காலையில் எந்தெந்த வீடு திறந்தோம் என்பதே நினைவுக்கு வரவில்லை. சாவிகளைப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. செல்வி வீட்டு அடையாளங்களைச் சொல்லச் சொல்லத்தான் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன்.

முதல் வீடு. மூன்று கட்டிலும் கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது.

இரண்டாவது வீடு. கதவைத் திறக்கும்போது போன் அடித்தது. எடுத்தேன்.

ஆமாம், எடுத்தேன். சர்க்கரை வியாதிக்காரப் பெண் எங்கோ பூட்டிய வீட்டில் பசியோடு கிடக்கிறார். நான் போனை எடுத்து ‘சொல்லுங்க ஆச்சி’ என்றேன்.

“தம்பி, மோட்டார் போட்டீகளா? தொட்டி ரொம்புற வரைக்கும் பக்கத்துல நின்னு பாத்துட்டுச் சொல்லுங்க.”

“இதோ போட்டுர்றேன் ஆச்சி.”

போட்டேன். கிணற்றடியில் நின்றேன். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் நன்றாக இருந்தது. ஐந்து நிமிடம், ஒருவேளை பத்து நிமிடம், கையைக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதற்கு வந்தேன் என்பதே நினைவில்லை. தொட்டி நிரம்பி வழிந்து, காலில் தண்ணீர் பட்ட பிறகுதான் ‘பாண்டியக்கா’ என்ற பெயர் வந்தது.

வாழ்க்கையில் பல பொய் சொல்லியிருக்கிறேன். சில சில்லறைத் திருட்டும் உண்டு. அவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொள்ள முடிகிறது. கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிடத்துக்கு இன்றுவரை சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாவது, இருபத்துமூன்று புள்ளி வீடு. இரண்டாம் கட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முந்தானையை நனைத்து முகத்தில் போட்டிருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. பக்கத்துத் தரையில் ஒரு காகிதப் பொட்டலம். என்னைப் பார்த்ததும் முந்தானையை விலக்கினார்.

“சாமி ரூமுல கல்கண்டு இருந்துச்சு. எடுத்துத் தின்னுட்டேன். அந்த இருபத்திமூணு பேருல யாருகிட்டக் கேக்கணும்? சொல்லு, கேட்டுக்கிறேன்.”

அதுவரை என்னை ‘வாங்க, போங்க’ என்றே பேசி வந்தவர் அவர்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா, சிரித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு செல்வியும் மற்றவர்களும் வீடு வீடாகப் பார்த்து ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள். அக்கா நான்கு வாய் சாப்பிட்டார். கை உதறுவது கொஞ்சம் நின்றது. அப்போது மறுபடி போன் அடித்தது. என் கை பைக்குப் போனது.

அக்கா கை நீட்டினார். கொடுத்தேன். காதில் வைத்து, கட்டிய தொண்டையோடு, “மொதலாளியப் பூட்டி வச்சிருக்கு. நாளைக்குப் பேசுங்க” என்று சொல்லி அணைத்தார்.

“சாவியையும் குடு.”

“கல்யாணத்துக்கு நாலு நாள்தான்க்கா இருக்கு.”

“கல்யாணம் நடக்கும். நீ குடு. வீட்டுக்குப் போய்ப் படு.”

கொத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஆட்டோ போனது. வீட்டுக்குப் போ என்றார். என்னிடம் பதினோரு வீடு இருந்தது. ஒன்றும் என் வீடில்லை. மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, கால் போன பக்கம் நடந்தேன். அது மேற்கே போனது.

வில்லை

பிள்ளையார்பட்டி விலக்கில் வைக்கோல் ஏற்றிய வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் முதலில் கிளம்பிய பஸ் திருக்கோஷ்டியூர் போவது. ஏறிவிட்டேன். கோயிலுக்கு வெளியே பக்தர்கள் தங்கும் கொட்டகையில் சாய்ந்தவன், யார் மீதோ வெயில் படும் வரை தூங்கினேன். அது என் மீதுதான் பட்டிருந்தது.

வாசலில் செருப்புப் பாதுகாக்கும் இடம். பெரியவர் ஒருவர் தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தார். ஏதோ வேன் கூட்டம். கேட்காமலே போய் நான்கு ஜோடியை எடுத்து அடுக்கினேன்.

“வேலைக்கு வாரியா? வழக்கமா இருக்கிற ஆளு ஊருக்குப் போயிட்டான். என்ன படிச்சிருக்க?”

“எட்டு.”

“எரநூறு வரைக்கும் எண்ணத் தெரியுமா?”

“தெரியும்.”

“இதுக்கு முன்ன என்ன பண்ணிக்கிட்டிருந்த?”

“சொந்தத் தொழில்.”

ஏற இறங்கப் பார்த்தார். “பரவால்ல. சொல்லிக் குடுத்தாத் தேறிக்குவ” என்றார்.

அவர் போனை வாங்கி என் நம்பருக்கே அடித்தேன். பாண்டியக்காதான் எடுத்தார். தொண்டை இன்னும் சரியாகவில்லை.

“சர்க்கரை எப்படி இருக்குக்கா?”

“இருக்கு. டாக்டரு ஒன்னத்தான் கூட்டியாரச் சொன்னாரு. எங்க இருக்க?”

“திருக்கோட்டியூருல. வீடெல்லாம்?”

“எல்லாத்துக்கும் செல்விய விட்டு எழுதிப் போட்டாச்சு. வீட்டுக்கு ஒரு ஆளுதான் பேசணும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போனு அணைஞ்சிரும். இஷ்டம்னா இருங்க, இல்லைன்னா சாவிய வாங்கிக்கங்கன்னு.”

“ஐயோ. திட்டுனாகளா?”

“திட்டுனாக. நேத்து ஆறு மணி ஆச்சு. அணைச்சுட்டேன்.”

“எத்தன வீடு போச்சு?”

“ரெண்டு. ஒம்போது இருக்கு. கல்யாண வீடு இருக்கு. அந்தச் சன்னலு ஆச்சிதான் அந்த வீட்டுக்குப் பேசுறதுக்கு நின்னுருக்காக.”

“நான் எப்பக்கா வரட்டும்?”

அடுப்பில் எதையோ தாளித்து இறக்கும் ஓசை கேட்டது. பிறகு, “நாலு நாளு ஒழுங்காத் தின்னு, தூங்கு. அப்பறமா வந்தா, வெளக்கமாறு எடுக்குற வேலை ஒண்ணு இருக்கு. சாவி என்கிட்டதான் இருக்கும்” என்றார்.

பெரியவர் தகர வில்லைகளை என் முன்னால் கொட்டினார். ஒவ்வொன்றிலும் எண் அடித்திருந்தது. “ஒரு சோடிக்கு ஒரு வில்லை. வில்லையக் கொண்டாரவுகதான் சொந்தக்காரவுக. வேற யாரு வந்து என்ன சொன்னாலும் காதுல வாங்காத.”

தலையாட்டினேன். ஜன்னல் துடைத்துக்கொண்டு பாண்டியக்கா சொன்ன அதே பாடம். பள்ளிக்கூடத்திலும் ஒரே பாடத்தை இரண்டு தடவை படித்தவன்தான் நான்.

“மத்தியானம் நடை சாத்திருவாக. சாயங்காலம் தொறக்குற வரைக்கும் சோலி இல்ல. படுத்துத் தூங்கு.”

“அதுக்குள்ள யாராச்சும் வந்து நடையத் தொறக்கச் சொன்னா?”

“பெருமாளத் தொறக்கச் சொல்லி யாரு கேப்பா? உக்காந்துட்டு சாயங்காலம் பாத்துட்டுப் போவாக.”

உலகத்தையே பார்த்துக்கொள்கிறவர் தினமும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொள்கிறார். எனக்கு அதுவரை இது தோன்றவே இல்லை.

பன்னிரண்டாம் எண் வில்லையோடு ஒருவர் வந்தார். கை இடுப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. அவருடைய செருப்பை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.